பெயர் சொல்ல வந்த பாட்டுக்காரி

இன்று பினாங்கு வீதியில் ஒரு கிராமபோன் கடை வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே பாடிய பெண்குரலை இதற்கு முன் கேட்டதே இல்லை.

"யாரு பாடுறது, அண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"கப்பல்ல நனைஞ்சு தட்டு மேல பேர் போட்டு ஒட்டியிருந்த தாள் போச்சு, தம்பி. முடியிறப்ப அவங்களே பேர் சொல்வாங்கல்ல, கேளு."

பாட்டு முடிந்தது. "என் பெயர்" என்றாள். அங்கே ஒரு கீறல். முள் துள்ளிப் பாட்டின் கடைசி அடிக்கே திரும்பிவிட்டது. கீறலைத் தாண்டி வைத்தால் வெறும் இரைச்சல்.

"இவங்க பாடின வேற தட்டு வரவழைக்கலாமா?"

"பேர் தெரியாம என்னான்னு எழுதிக் கேக்குறது லா?"

திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவரும் போட்டார். போடப் போடக் கீறல் நீண்டுகொண்டே போனது.

குரலை வைத்தே ஆளைச் சொல்லக்கூடியவர்கள் சீக்கிரம் போய்க் கேளுங்கள். நான் கிளம்பும்போது "என்" மட்டும்தான் மிச்சம் இருந்தது.