வேலிகாத்தான் முளைத்த வருஷம்

வேலிகாத்தான் முள்செடியைப் பிடுங்கிப் பிடுங்கி எனக்கு இடுப்பே விட்டுப் போயிற்று. ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கிறது, சனியன். யாரைத் திட்டுவது? எங்கள் நிலத்தில் அதை முதலில் விதைத்த மகராசி நான்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. அதில் வேர்க்கடலை விளைந்தால்தான் அந்த வருஷம் சோறு. உரத்துக்காகச் சித்திரையில் பத்து நாள் அத்தையின் ஆடுகளை நிலத்தில் கிடை போடுவார்கள். அத்தை, அப்பாவின் தங்கை. ஆடுகள் அங்கேயே படுத்துப் புழுக்கை போட்டுவிட்டுப் போகும்.

அந்தக் கோடையில் பேருக்குக்கூடப் புல் இல்லை. ஆடுகள் பசியில் கத்துவது பொறுக்காமல், ஏரிக்கரையில் உதிர்ந்து கிடந்த வேலிகாத்தான் காய்களைத் தினமும் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து கொட்டினேன். தித்திப்பான காய், முட்டி மோதித் தின்றன. ஏழாம் நாள் அத்தை பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, யாரைக் கேட்டுப் போட்ட? உங்கம்மா பாத்தா தோலை உரிச்சிடுவா" என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். ஆட்டு வயிற்றுக்கு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடலை விதைத்து மழை பெய்ததும், புழுக்கை விழுந்த இடமெல்லாம், அதில் செரிக்காமல் கிடந்த காய்க்கொட்டையிலிருந்து முள்செடி முளைத்தது. அம்மா பதினைந்து நாள் குனிந்தே கிடந்தாள். விரலில் தைத்த முள்ளை ஊக்கால் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி குனிவாள். கடைசியில் பாதி நிலத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் அம்மா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஆட்ட முள்ளுக்காயத் துன்ன வுட்டு, என் நெலத்துல கொண்டாந்து கட்டுனியே! என் வவுத்துல அடிச்சிட்டியேடி, நீ நல்லா இருப்பியா?"

அம்மா சொல்வது நான் போட்ட காயைத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆடு எங்கியோ துன்னுட்டு வந்துகீது அண்ணி. நான் இன்னா பண்ணட்டும்?"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அப்பா நடுவில் கிடந்து அல்லாடினார். நான் பெரியவளானபோது நலங்கு வைக்கக்கூட அத்தையை அழைக்கவில்லை; அது எனக்கு அப்போது தெரியாது. அத்தைக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, அதனால்தான் வரவில்லை என்று எனக்கு ஒரே ஆங்காரம். தெருவில் அவள் எதிரே வந்து, "எப்டி கீற கண்ணு?" என்று கேட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.