எங்கள் வீட்டு முள்ளெலிகள் கரையான் தின்றன

இதை எழுத ஆறு வருஷமாகத் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன் என்பது ஒரு காரணம். ஆனால் அது சாக்குதான். மாலை போட்டிருந்த காலத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை முருகனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். ஊரிடம்தான் சொல்லவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ரோட்டோரத்தில் என் மாவு மில், அதற்குப் பின்னாலேயே வீடு. அந்த வருஷமும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக மாலை போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒருத்தர் மாலை போட்டால் வீடே விரதம். முட்டை வாசல்படி ஏறாது. நாய்க்குக்கூடத் தயிர்சோறுதான்.

மார்கழி கடைசியில் ஒருநாள் விடிந்ததும் மில்லைத் திறக்கப் போனால், ரோட்டில் முள்ளெலி ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. மடியில் பால் கட்டியிருந்தது.

"குட்டிக இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் கெடக்கும்" என்றாள் என் மனைவி.

மில்லுக்குப் பின்னால் குவித்திருந்த தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாக விலக்கினோம். அடியில் மூன்று குட்டிகள், எலுமிச்சம்பழ அளவில். கண் திறந்திருந்தது. கை பட்டதும் சுருண்டுகொண்டு புஸ் புஸ்ஸென்று சீறின. அம்புட்டுச் சின்ன உடம்பில் அம்புட்டுக் கோபத்தை நான் பார்த்ததில்லை.

பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தேன். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் பசும்பால் கொடுத்தேன். கூடவே மசித்த வாழைப்பழம், அபிஷேகப் பஞ்சாமிர்தத்தில் ஒரு துளி. விரத வீட்டில் இருக்கிற சீவனுக்கு விரதச் சாப்பாடுதானே என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மில்லுக்கு மாவரைக்க வரும் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"ஏண்ணே, முள்ளெலியும் மாலை போட்டுருச்சாக்கும்?"

"மாலை மாட்ட அதுக்குக் கழுத்து எங்கடி இருக்கு?"

ஒரு அம்மா மட்டும் தினமும் பெட்டியை எட்டிப் பார்த்து, "நாலு முள்ளு புடுங்கித் தாங்கண்ணே. சுட்டுத் தேன்ல கொழச்சுக் குடுத்தா பேரனுக்கு இருமல் நிக்கும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தலையில நாலு முடி புடுங்கிச் சுட்டுக் குடுங்க மதினி, அதுவும் நிக்கும்" என்று என் மனைவி உள்ளேயிருந்து சொன்னதற்குப் பிறகு கேட்பதில்லை.

நான்காம் நாள் மூன்றுக்கும் வயிறு ஊதி, பச்சையாகக் கழிந்தது. மறுநாள் காலையில் ஒன்று மல்லாந்து கிடந்தது. தொட்டேன். சுருளவில்லை.

மிச்சம் ரெண்டையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் பச்சை வேட்டியையும் கழுத்து மாலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

சொன்னேன்.

"ஐயா, இது பூச்சி திங்கிற உயிரு. பல்லு வந்துருச்சு பாருங்க. பசும்பாலு இதுக்குச் சேராது. கரையான், புழு, அவிச்ச முட்டைன்னு குடுங்க. இல்லேன்னா இதுகளும் ரெண்டு நாளுதான்."

"மாலை போட்டிருக்கேம்மா."

"நீங்கதான போட்டிருக்கீங்க."

அவரே வனத்துறைக்குப் போன் போட்டார். இப்படி எடுத்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தானாக இரை பிடிக்கும்வரை நான் பார்த்துக்கொள்வது, பிறகு அவர்கள் ஆள் வந்ததும் எடுத்த இடத்திலேயே விடுவது என்று பேசி முடித்தார்.

முட்டைக்கு எங்கள் வீட்டில் வழியில்லை. கரையானுக்கு வழி இருந்தது. கோழிக்குஞ்சுக்காக எங்கள் பக்கம் செய்வதுதான்: பழைய பானையில் காய்ந்த சாணியும் கந்தல் சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவைத்தால் காலையில் பானைக்குள் கரையான் மொய்க்கும்.

"நீங்க தொட வேணாம். பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்று மனைவியே பானை வைத்தாள். காலையில் தட்டில் உதறிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை நீண்டதும் ரெண்டும் பந்தாகிவிட்டன. ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் திறக்கவில்லை. நான் கையை வைத்தால் செத்த நேரத்தில் மூக்கு வெளியே வரும். என் கையில் எந்நேரமும் கேப்பை மாவு வாசனை. அதற்குத்தான் பழகியிருந்தன.

மாலையைத் தொட்டு, "முருகா, கோவம்னா என்மேல வையி" என்று சொல்லிவிட்டு ஒரு கரையானை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சின்னது முதலில் வந்தது. கறுக் கறுக்கென்று தின்றது. கை நிறைய வைத்தேன், நக்கி எடுத்துவிட்டது. பெரியதும் வந்து அதைத் தள்ளிவிட்டுத் தின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் மூன்று வேளை ஊட்டினேன். ஊட்டிய கையோடு பூசைக்கு நிற்க மனசு கூசும் என்பதால் மூன்று வேளையும் தலைக்குக் குளித்தேன். அந்தப் பனியில் சளி பிடித்துக்கொண்டது. எங்கள் நடைக் கூட்டத்தை அழைத்துப் போகும் குருசாமி, நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்து, "கடும் விரதம் சாமி உங்களுது" என்று எல்லார் முன்னாலும் மெச்சினார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

பழனிக்கு மூன்று நாள் நடை. போகாமல் இருக்க முடியாது. போனால் குட்டிகள் யார் கையில் தின்னும்? முதல் நாள் முழுக்கக் கால் முன்னால் போனது, மனசு அட்டைப்பெட்டியில் கிடந்தது. மறுநாள் ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு அன்னதானப் பந்தலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"தின்னுருச்சுகங்க."

"எப்படி?"

"உங்க மில்லுச் சட்டையை மாட்டிக்கிட்டு ஒக்காந்தேன். தொவைக்காத சட்டை. ரெண்டும் ஏமாந்துபோச்சு. இனி நீங்க மெதுவாவே வாங்க."

அன்றைக்கு ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மலைமேல் சந்நிதியில் முருகனிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டம் நகரச் சொல்லித் தள்ளியதில் பாதிதான் முடிந்தது. மீதியைப் படி இறங்கும்போது சொன்னேன்.

மாசியில் ரெண்டும் தாமே பூச்சி பிடிக்க ஆரம்பித்தன. வனத்துறை ஆள் வந்து பார்த்தார். பொழுது சாயும் நேரம் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் விட்டோம். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன.

அதற்குள் ஊரில் கதை வேறாகியிருந்தது. மாலை போட்ட வீட்டில் முள்ளெலி பாலும் பஞ்சாமிர்தமும் மட்டும் தின்று வளர்ந்ததாம். செத்த குட்டி அந்தக் கதையில் இல்லை, கரையானும் இல்லை. நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

போன மார்கழியில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி துண்டில் ஒரு குட்டியைச் சுற்றி மில்லுக்குக் கொண்டுவந்தாள். வயிறு ஊதியிருந்தது.

"உங்க வீட்டுல குடுத்த மாதிரியேதாண்ணே குடுத்தேன்" என்றாள்.

பானை வைத்து எடுக்கும்வரை அது தாங்கவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டது. அந்தப் பெண் என்னிடம் கோபப்படவில்லை. "நமக்குக் குடுத்துவைக்கல" என்று சொல்லித் துண்டை மடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். குட்டிகள் பிழைத்தது முருகன் கருணை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கருணை கரையானாகத்தான் வந்தது. சொல்லும்போது அதை விட்டுவிடாதீர்கள். என் பாலைக் குடித்துச் செத்த முதல் குட்டியையும் விட்டுவிடாதீர்கள்.