காய்ந்த பிறகு பார்க்கவேண்டிய கண்ணாடி

குளியலறைக் கண்ணாடி துடைப்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், எங்கள் வில்லியனூர் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஒரு மாதம் குளித்துப் பார்க்காதவர்கள். நீங்கள் குளித்திருந்தால் சொல்லவே வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாயிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், வாளி விளிம்பிலும் பூத்திருக்கும், பிள்ளைகள் ஆசையாக வைத்த கண்ணாடித் தடுப்பு மோர் தெளித்த மாதிரி இருக்கும். நானும் உங்களோடு சேர்ந்து அவதிப்படுகிறவள்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைக் கை

அரியூரில் ஒரு டாக்டரம்மா வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஷவரைச் சுற்றியிருந்த கண்ணாடி வெளுத்துப்போய், அதைக் கழற்றிவிட்டுத் திரை போடப்போவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் என்னிடம் விடுங்கம்மா என்றேன். வியாழக்கிழமை தோறும் பூஜை விளக்கு தேய்க்கிற கை இது. பித்தளையே பளபளக்கும்போது கண்ணாடி எம்மாத்திரம் என்று புளியும் செங்கல் தூளும் கொண்டுபோய் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றியதும் பளிங்கு மாதிரி நின்றது. மாரியாத்தாவுக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

சாயங்காலம் காய்ந்தது. கறையைக் காணோம். ஆனால் என் கை போன வழியெல்லாம் வளைவு வளைவாக, தலைமுடி ஒட்டியது போல் கீறல். டாக்டரம்மா வந்ததும் நானே கூட்டிப்போய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்கள். கோபப்படவில்லை. "புளி தன் வேலையச் செஞ்சிருக்கு அலமேலும்மா. செங்கல்லு எதுக்கு?"

அரை மணி நேரம்

அந்தக் கேள்வியைத்தான் தெரேசாவிடம் கொண்டுபோனேன். அடுத்த தெருக்காரி, என் வயசு, புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்தவள். துணியை வினிகரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவிட வேண்டும், உப்பு இளகியதும் மெத்தென்ற பஞ்சால் துடைக்க வேண்டும், அதற்கும் போகாததை மெருகுப் பசை வைத்து மெஷினால் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிற்காமல் வழிந்தோட ஒரு கோட்டிங். அதிலிருந்து இந்தக் கண்ணாடி வேலைக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம்.

துணி ஊறுகிற நேரத்தில் அவள் ஜெபமாலை உருட்டுவாள், நான் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில் பத்து நிமிஷத்திலேயே துணியை விலக்கிப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "உன் முருகன், என் மாதா, ரெண்டு பேரும் வந்து நின்னாலும் வினிகருக்கு அரை மணி நேரம் வோணும்டி."

ஈரத்தில் காட்டுவதா

பூரணாங்குப்பத்தில் ஒரு விருந்தினர் விடுதி, பத்து அறை. மேனேஜர் ஒரு அறையைத் திறந்துவிட்டு, இது சரியானால் பத்தும் உங்களுக்குத்தான், பிறகு மாதா மாதம் பராமரிப்பும் உங்களுக்குத்தான் என்றார். எங்களுக்கு அது பெரிய விஷயம். தெரேசாவின் ஓட்டல் வேலை நின்றுபோயிருந்தது. என் முட்டிக்குக் குனிந்து தரை துடைப்பது இனி ஆகாது. பிள்ளைகளிடம் கை நீட்டவும் மனசில்லை.

கண்ணாடியின் மேல்பாதி தெளிந்தது. கீழ்ப்பாதி எவ்வளவு மெருகு போட்டும் நகத்துக்குச் சொரசொரத்தது. அது படிந்த கறை இல்லை; உப்பு கண்ணாடியையே அரித்திருந்தது. தெரேசா குரலைத் தாழ்த்தினாள். "தண்ணிய தெளிச்சு வுட்டுட்டு அந்தாள கூப்புடு. ஈரத்துல ஒண்ணும் தெரியாது. சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்." அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். நானும் பயந்தேன். கண்ணை மூடிச் சாமியிடம் கேட்டேன். கண்ணைத் திறந்து வைப்பரை எடுத்து ஒரு சொட்டு இல்லாமல் வழித்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "இது போகாதா?"

"போகாதுங்க சார். கண்ணாடிய மாத்தத்தான் வேணும்."

எழுந்து நின்றார். பிறகு மற்ற அறைகளையும் பார்த்து எது தேறும், எது தேறாது என்று சொல்லச் சொன்னார். ஏழு தேறும், இதோடு சேர்த்து மூன்று தேறாது என்றோம். அந்த ஏழு அறையை மட்டும் கொடுத்தார். மாதப் பராமரிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. பஸ்சுக்கு நிற்கும்போது தெரேசா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உன் சத்தியத்துக்கு மூணு ரூம்பு பலிடி."

வந்த மாதிரியே

ஏழையும் முடித்துக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து மேனேஜரே கூப்பிட்டார். அந்த மூன்று அறைக்கும் புதுக் கண்ணாடி வந்துவிட்டதாம். யாரும் குளிப்பதற்கு முன்பே கோட்டிங் போட்டுவிடுங்கள், இனி மாதா மாதம் பத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று பஸ்ஸில் தெரேசா ஜன்னலோரத்தை எனக்கு விட்டாள்.

புதுக் கண்ணாடியை விரல் ரேகைகூட இல்லாமல் துடைத்து, பூசி, காயவிட்டு, மறுபடி துடைத்து, யாரும் குழாயைத் திறந்துவிடாமல் கதவோரம் காவல் இருந்தோம். அறை பெருக்க வந்த பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, காலையிலேருந்து ரெண்டு பேரா இன்னா செஞ்சீங்க? கண்ணாடி கடையிலேருந்து வந்த மாதிரியேதானே இருக்குது?"

கறையை எடுத்தால் நாலு பேர் கண்ணுக்குத் தெரியும், கறை வராமல் பார்த்துக்கொண்டால் நாம் ஒரு வேலை செய்ததே தெரியாது என்பது, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவளுக்கு ஒன்றும் புதுசில்லை.