மழை வராதுன்னு சொன்னவன்

எங்க கரிசக்காட்டுல புழுதி விதைப்புன்னு ஒண்ணு உண்டு. புரட்டாசியில, மழை வருமுன்னாலயே காஞ்ச மண்ணுல விதையைப் போட்டுருவாங்க. பெஞ்சா முளைக்கும். பெய்யலைன்னா எறும்பும் மயிலும் தின்னுட்டுப் போகும். பெஞ்ச பிறகு விதைக்கலாமேன்னா, ஈரக் கரிசல்ல டிராக்டர் புதைஞ்சிரும்.

இந்த வருசம் என் வீட்டுக்காரி உளுந்து போடணும்னு ஒத்தக்கால்ல நின்னா. ரொம்ப வருசமா தரிசாக் கிடந்த நிலம். நான் கோவில்பட்டியில செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், காட்டுப்பக்கமே போறதில்ல. ஆனா வாய் மட்டும் உண்டு. "மேகத்துக்கிட்ட எழுதி வாங்கிட்டியா? எறும்புக்கு அன்னதானம் போடுதேன்னு நேராச் சொல்லு"ன்னேன். அவ மறுநாளே போய் விதைச்சுட்டு வந்தா.

அதுக்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளல. ரிப்பேருக்கு வந்த போனைக் கழட்டிப் போட்டுட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன். திரும்பி வந்து உக்காருவேன், மறுபடி எந்திரிப்பேன். சாயங்காலம் மேகம் கருத்துக்கிட்டு வரும், எட்டயபுரம் பக்கமா ஓடிரும். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என் முதல் பேச்சே அதுதான்: "இன்னைக்கும் டாட்டா காட்டிட்டுப் போயிட்டு!" கடைக்கு வாரவங்க, "அண்ணாச்சி எதையும் லேசுல நம்ப மாட்டாரு, விவரமான ஆளு"ம்பாங்க. எனக்கும் அந்த நினைப்புதான்.

ஒரு நாள் மத்தியானம் திடீர்னு ஊத்த ஆரம்பிச்சுட்டு. ரோட்டுல போறவங்க நனைஞ்சுக்கிட்டே சிரிக்காங்க. எனக்கு மட்டும் வயிறு எரியுது. அடச்சீ! கரிசல்ல பிறந்தவனுக்கு மழையைப் பார்த்து வயிறு எரிஞ்சா அது என்ன சென்மம்?

இதுக்கு இங்கிலீசுல சினிக்னு ஒரு வார்த்தை உண்டு. எதையும் நம்பாதவன்னு அர்த்தம் சொல்லுவாங்க. அது பத்தாது. சந்தேகப்படுதவன் போய்ப் பார்ப்பான், ஒருவேளை நடந்திருமோன்னு ஏங்கவும் செய்வான். நான் போய்ப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிட்டு, அது பலிக்கணும்னு காத்துக் கிடந்திருக்கேன். என் பேச்சு செயிக்கணும், அதுக்கு அவ காடு காயணும். விவரம்னு நான் நினைச்சது இதைத்தான்.

அஞ்சாறு நாள் கழிச்சு, பக்கத்துக் காட்டுக்காரர் போனுக்குச் சார்ஜர் வாங்க வந்தார். "உங்க உளுந்து சும்மா வரிசையா முளைச்சு நிக்குதே, பார்த்தீங்களா?"ன்னார். எனக்குத் தெரியவே தெரியாது. சுருக்குன்னுச்சு. கடையை அடைச்சுட்டுப் போற வழியெல்லாம், இன்னைக்காவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

அவ அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா.

"முளைச்சிட்டாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவ நிமிரல. "சொன்னா, பூச்சி விழுந்திரும்னு சொல்லுவீங்க. ரெண்டு நாளைக்காவது சந்தோசமா இருந்துக்கிடுவோமேன்னுதான் சொல்லல."

அப்ப நான் வாயைத் திறந்திருந்தேன். பூச்சி விழுந்திரும்னுதான் சொல்ல வந்தேன்.