கறுப்புக் கட்டங்களுக்கு அடியில் இருந்த கடிதம்

வில்லாரிக்கா நகரில் எங்கள் பேட்டையில் எந்த வீட்டுக் கணினித் திரை கோளாறு செய்தாலும் சுனில்டாவைத்தான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்குத் தையல். பேட்டை நூலகத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த ஆறு பழைய கணினிகளோடு மல்லுக்கட்டியே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவள். ஒன்பது வருஷம் அந்த அறையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டாள். போன ஆண்டு நூலகக் குழு அதைச் சம்பளப் பதவியாக்க முடிவு செய்தபோது, "சுனியை விட்டா வேற யாரு?" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவள் தோழி லிதுவினா.

அந்தப் பதவிக்கு ஆள் போடுவதற்கு முன், ஒரு சனிக்கிழமை காலை லிதுவினா வந்து நின்றாள்.

"அடியே சுனி, என் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிச்சிருக்குடி. இணையத்துல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கறுப்புக் கறுப்பா கட்டம் விழுது. எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது."

"உன் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டுட்டா பேய் இன்னும் தங்கியிருக்கு?" என்று சிரித்துக்கொண்டே சுனில்டா கூடப் போனாள்.

லிதுவினா சீபா ரொட்டி சுட அடுக்களைக்குப் போய்விட்டாள். சுனில்டா முதலில் உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த கூடுதல் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். கட்டங்கள் போகவில்லை. கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பித்தாள். மினுமினுப்பு மட்டும் நின்றது. கடைசியாக அமைப்புகளுக்குள் போய், பக்கத்தை வரையும் வேலையை அந்தக் கார்டிடம் கொடுக்காதே என்று சொல்லும் சுவிட்சை மாற்றிவிட்டு, உலாவியை மூடித் திறந்தாள்.

முன்பு திறந்திருந்த பக்கங்கள் தாமாகவே திரும்பி வந்தன. முன்னால் நின்றது, இன்னும் அனுப்பாத ஒரு மின்னஞ்சல். நூலகக் குழுவுக்கு. படிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் முதல் வரியிலேயே அவள் பெயர்.

"திருமதி சுனில்டா ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். இதை எல்லோரிடமும் மறைத்து வருகிறார். என் அண்ணன் மகன் டெர்லிஸ் முறையாகப் படித்தவன்."

இந்த உலகத்தில் அது ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய பேருந்தில், லிதுவினாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னது.

பக்கத்தை நகர்த்தும்போது கறுப்புக் கட்டம் ஏதும் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது அவள் பழக்கம். அன்றும் கடைசி வரிவரை நகர்த்திப் பார்த்தாள். மிஞ்சவில்லை.

லிதுவினா ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீர் ஜாடியோடு வந்தாள். "சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. எல்லாம் தெளிவாத் தெரியுது. வந்து பாரு."

பார்த்தவள் ஜாடியைக் கீழே வைக்கவும் மறந்துபோனாள்.

"சுனி... டெர்லிஸுக்கு ரெண்டு பிள்ளைங்கடி. உனக்குத் தையல் இருக்கில்ல."

"கேட்டிருந்தா விட்டுக்கொடுத்திருப்பேனே! நான் அழுதுகிட்டே சொன்னதை எதுக்குடி எழுதினே?"

"இன்னும் அனுப்பலியே!"

"திரை ஒழுங்கா இருந்திருந்தா அனுப்பியிருப்பே. அதுக்குத்தானே என்னையே கூப்பிட்டே?"

சுனில்டா எழுந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளே குழுவின் முன் போய் நின்றாள். "நான் ஆறாங்கிளாஸ்தான். அடுத்தவங்க வாயால நீங்க கேக்க வேண்டாம்னு நானே சொல்றேன்" என்றாள். தலைவர் வருத்தப்பட்டார். பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்பது விதி என்றார். வேலை டெர்லிஸுக்குப் போயிற்று. கடிதத்தைக் கடைசிவரை அனுப்பவே இல்லை என்று லிதுவினா இன்றும் சத்தியம் செய்கிறாள். அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அதன்பிறகு சுனில்டா நூலகப் பக்கம் போகவில்லை. வீடுகளுக்கு மட்டும் போகிறாள். ஒருநாள் என் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள்:

"வேலை போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் கடுதாசியை அவ எவ்வளவு பொறுமையா, ஒரு பிழை இல்லாம எழுதியிருந்தா தெரியுமா? அதைத்தான் என்னால தாங்க முடியல."