நான் விழுங்காத ஓஸ்தி

எட்டாம் வகுப்புக்கு அப்பா என்னைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தபோது, எங்கள் சபையில் இரண்டு பேர் அவரிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் பழைய புராட்டஸ்டன்ட் மிஷன் சபைக்காரர்கள். அப்பா சபைக் கமிட்டியில் வேறு இருந்தார். ஆனால் கேரள எல்லைக்குள் இருந்த எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தமிழில் படிக்க இருந்த ஹைஸ்கூல் அது ஒன்றுதான். தனுவச்சபுரம் பள்ளிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக என்னை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அப்பா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “படிப்பு அவுங்களுக்குள்ளது, விசுவாசம் நமக்குள்ளது. ரெண்டயும் கொழப்பப்பிடாது, கேட்டியா.”

நான் முதல் மாதமே குழப்பிவிட்டேன்.

பள்ளியும் கோயிலும் ஒரே வளாகம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்குச் சன்மார்க்கப் பாடம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாரும் பூசைக்குப் போக வேண்டும். நாங்கள் கடைசி பெஞ்சுகளில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அந்த முதல் வெள்ளியன்று பேய்மழை. சாரல் அடித்துப் பின்பெஞ்சுகள் நனைந்து கிடந்ததால் எங்களை முன்னால் நெருக்கி உட்காரவைத்தார்கள். நன்மை, அதாவது திருவிருந்து அப்பம், வாங்கும் நேரம் வந்ததும் என் இடப்பக்கம் இருந்தவள் எழுந்தாள், வலப்பக்கம் இருந்தவள் தள்ளினாள். உட்கார்ந்தால் வழியை மறிப்பேன் என்று நானும் எழுந்தேன். வரிசை நகர்ந்தது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தபோது முன்னால் யாருமில்லை, பூசை வைத்த அச்சன் மட்டும் நின்றார். முன்னால் போனவள் செய்தது போலவே வாயைத் திறந்தேன்.

ஓஸ்தி, அந்த மெல்லிய வெள்ளை அப்பம், நாக்கில் ஒட்டிய பிறகுதான் பயம் வந்தது. எங்கள் சபையில் திடப்படுத்தல் ஆகாமல் அப்பத்தைத் தொடக்கூட முடியாது. எனக்கு அதற்கு இன்னும் வருஷங்கள் இருந்தன. அதோடு, தகுதியில்லாமல் நன்மை வாங்கியவன் வாயில் அது ரத்தமாக மாறியது என்று வகுப்பில் யாரோ சொன்ன கதையும் ஞாபகம் வந்தது. விழுங்கினால் ஒரு பாவம், துப்பினால் அதைவிடப் பெரிய பாவம். முகத்தைத் துடைப்பது போல லேஞ்சிக்குள், கைக்குட்டைக்குள், அதை எடுத்துக்கொண்டேன். வகுப்புக்கு வந்ததும் லேஞ்சியை மடித்து, காம்பஸ் வைக்கிற இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸுக்குள் வைத்து அழுத்தி மூடினேன்.

பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள். அவள் இந்து வீட்டுப் பெண். என்னோடு ஒரே வழியில் நடந்து வருகிறவள்.

“என்னத்த ஒளிக்குக?”

சொன்னேன். அவள் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பிரசாதம்தானே? தின்னுட்டாப் போச்சு. கீழ மட்டும் போட்டிராத மக்கா, தோஷமாக்கும்.”

தின்ன என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகப்பையைத் தரையில் வைக்கப் பயந்து அலமாரிமேல் ஏற்றி வைத்தேன். “அங்க என்னத்துக்குக் கொண்டு வைக்குத?” என்று அம்மா கேட்டாள். எறும்பு வருகிறது என்றேன். சொன்ன பிறகு எறும்பு நிஜமாகவே வந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பெட்டியைத் திறந்து பார்க்கவும் துணிச்சலில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைத்தேன். சாயங்காலம் அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, கத்தோலிக்கரு வாங்குத அப்பம் உள்ளபடியே இயேசுவா?”

“அவுங்களுக்கு அப்பிடியாக்கும். நமக்கு அது நினைவுகூருதல்.”

“நம்மாளு ஒருத்தர் அத வாங்கினா? அப்ப அது என்னது?”

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். “ஆரு வாங்கினது?”

“ஆருமில்லப்பா.”

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் வரையச் சொல்லியிருந்தார்கள். பெட்டி என் முன்னால் இருந்தது. திறக்காமல், கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றித் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலை ஓட்டினேன்.

கணக்கு சிஸ்டருக்கு எல்லாரும் பயப்படுவார்கள். கடற்கரை ஊர்க்காரர், குரல் கனமாக இருக்கும். புதன்கிழமை விடைத்தாளோடு வந்து என் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“வட்டம் உண்டு. மையம் எங்க?”

நான் எழுந்து நின்றேன்.

“காம்பஸ் இல்லியா?”

“உண்டு சிஸ்டர்.”

“பின்ன? பெட்டியத் திற.”

என் கை பெட்டியின்மேல் இருந்தது, எடுக்க வரவில்லை. சிஸ்டரின் முகம் மாறியது. “பிட்டு எழுதி வச்சிருக்கியா?” என்றார். நாற்பது தலைகள் திரும்பின. இல்லை என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

“இங்க வேண்டாம் சிஸ்டர்.”

வகுப்புக்குக் கணக்கு கொடுத்துவிட்டு, ஆளில்லாத தையல் அறைக்கு என்னை அழைத்துப் போனார். பெட்டியை அவரே திறந்தார். லேஞ்சியைப் பிரித்தார். ஓஸ்தி இரண்டாக உடைந்து, துணியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

“எப்பத் தொட்டு?”

“வெள்ளிக்கிழம.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தபோது சிஸ்டர் சிமென்டுத் தரையில் முழங்காலில் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டு, துண்டுகளைத் துணியிலிருந்து நகத்தால் மெல்லப் பெயர்த்து, ஒட்டிய நூலோடேயே வாயில் வைத்தார். துகள் ஏதும் விழுந்துவிட்டதோ என்று தரையை இருமுறை தடவிப் பார்த்தார். சிஸ்டரும் பயப்படுவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது என் பயத்தை இன்னும் கூட்டியது. பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரில் லேஞ்சியை அலசி, அந்தத் தண்ணீரை யாரும் மிதிக்காத மதிலோரச் செம்பருத்தியின் வேரடியில் ஊற்றினார்.

“நீ கரையண்டாம். தெரியாம செஞ்சது சாரமில்ல, போட்டு,” என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். “ஆனா அச்சன்கிட்ட நான் சொல்லணும். சொல்லாம இருக்க எனக்குப் பற்றாது.”

வட்டத்துக்கு மதிப்பெண் போடவில்லை. தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

நான்கு நாள் தாளை மறைத்தேன். அச்சனின் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள், கமிட்டியில் அப்பா தலை குனிந்து நிற்பார். ஞாயிறு சாயங்காலம் தாளை நீட்டினேன். வட்டத்தில் ஏன் மார்க் இல்லை என்று அப்பா கேட்டதும் முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

“அந்த சிஸ்டர் முட்டுக்குத்தி நின்னுதான் தின்னாவளா?”

“ஆமப்பா.”

கையெழுத்துப் போடவில்லை. “நாளைக்கி நான் வாறேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். டி.சி. கேட்கத்தான் வருகிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். என்னை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஆபீஸ் வராந்தாவில் சிஸ்டரோடு நின்றார். அச்சனும் வந்து சேர்ந்துகொண்டார். சன்னல் வழியே மூவரையும் பார்த்தேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை. அச்சன் ஏதோ கேட்டார். அப்பா இரண்டு கைகளையும் விரித்துப் பதில் சொன்னார். சிஸ்டர் குனிந்து நின்றார். பிறகு அப்பா சிஸ்டரைப் பார்த்துக் கைகூப்பினார். எங்கள் ஆயரைத் தவிர யாரையும் அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

சன்னலோரம் வந்து தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தார்.

“என்ன சொன்னாவ அப்பா?”

“ஒண்ணுமில்ல. படி.”

அடுத்த மாதப் பூசையில், நன்மைக்கு முன்னால் அச்சன் தமிழிலும் மலையாளத்திலும் சொன்னார்: வர வேண்டாதவர்கள் உட்கார்ந்திருக்கலாம், மற்றவர்கள் அவர்களுக்கு வழி விட்டு நடக்க வேண்டும். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வரிசை போய்த் தீரும்வரை பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை அங்கேதான் படித்தேன்.