செல்லம்மாவின் சாதா கட்டி

செல்லம்மாவைப் போல வேலைக்காரி கிடையாது என்று நான் எழுதினால் அது பச்சைப் பொய். பெட்ஷீட்டை ஏனோதானோ என்றுதான் மடிப்பாள். பாதி நேரம் பேச்சு. மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரமாக ஒரு ஹோட்டல். அதன் லாண்டரியில் அவளும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். நெம்மேலிப் பக்கம் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. சண்டை வந்துவிட்டால் அக்காவாவது கொக்காவாவது.

அவள் புருஷன் சின்னையனுக்கு வயிற்றில் கேன்சர் வந்தது. டாக்டர் சொன்ன உடனே அவர் காலில் விழாத குறையாகச் செல்லம்மா கெஞ்சினாள், புருஷனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று. எங்கள் பக்கத்தில் யார்தான் சொல்வார்கள்? "சாதா கட்டிதான், கரைஞ்சிடும்" என்று டாக்டர் சொன்னார், அவள் சொன்னாள், தெருவே ஒரே வாயாகச் சொன்னது. ஆபரேஷன் செய்த பிறகு மனுஷன் மளமளவென்று இளைத்து, மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரத்தில்கூட, எழுந்ததும் கூரைக்குப் புது ஷீட் போடவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

"நம்பிக்கினேதான் போனாரு, சம்பூர்ணம்" என்பாள். அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். கத்தி பட்டதால்தான் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்பதும் அவள் முடிவு. அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

போன வருஷம் அவளுக்குக் குளிர் ஜுரம் வந்து தூக்கித் தூக்கிப் போட்டது. நான்தான் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூத்திரத்தில் கிருமி என்றார்கள். மாத்திரையில் ஜுரம் நின்றது. ஆனால் அப்போது எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. ஹரிகிருஷ்ணன் என்கிற டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"உங்க வலது கிட்னியில ஒரு கட்டி இருக்கும்மா. கேன்சர் இல்ல. கொழுப்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து வளர்ந்த சாதா கட்டி. எங்கயும் பரவாது. ஆனா பெருசா இருக்கு. திடீர்னு வெடிச்சா உள்ளயே ரத்தம் கொட்டிடும். தொடை வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்த அடைச்சிட்டா போதும். வயித்தக் கிழிக்கவே வேண்டாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நல்ல மனுஷன், ஆசையாக இன்னொன்றையும் சொன்னார். "நான் இந்தக் கட்டியப் பத்திதான் ஆராய்ச்சி பண்றேன். எவ்வளவு பெருசானா ரத்தம் கசியுது, யாருக்குக் கசியுதுன்னு. சம்மதிச்சா உங்களையும் அதுல சேர்த்துக்கறேன். அடிக்கடி நானே ஸ்கேன் எடுத்துப் பார்த்துப்பேன்."

செல்லம்மாவின் முகம் செத்துப்போனது. "யோசிச்சி சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டினோம். பிறகு ஆரம்பித்தாள்.

"சாதா கட்டிக்கு எவனாவது ஆராய்ச்சி பண்ணுவானாடி? கேன்சர் இல்லன்னு அவரா எதுக்கு ஆரம்பிக்கணும்? நாம கேட்டமா?"

"இல்லாதத இல்லன்னுதான சொல்லுவாங்க?"

"நான் தண்ணி குடிக்கப் போனப்போ அவராண்ட பேசிக்கினு இருந்தியே, இன்னா கெஞ்சின?"

"மீன் துன்னலாமான்னு கேட்டேன்!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் நம்பவில்லை. அவள் சின்னையனுக்காகக் கெஞ்சிய மாதிரி நானும் கெஞ்சியிருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். 'சாதா கட்டி' என்கிற அதே இரண்டு வார்த்தை. அதே சமாதானச் சிரிப்பு. அவளே சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்யை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தால் வாங்குவாளா?

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மகள் ஷாரோன் காலேஜ் கடைசி வருஷம். அவள் படிப்பை முடித்து ஒரு வேலையில் உட்காருகிறவரைக்கும் உயிரோடு இருக்கவேண்டும். "கை வெச்சா அவரு மாரி சட்டுனு பூடுவேன். சும்மா வுட்டா கொஞ்ச நாளு ஓடும்" என்பாள். சாகக்கூடாது என்றுதான் அந்த மனுஷி வைத்தியம் வேண்டாம் என்றாள்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "எம் புள்ள லட்சுமணன் மேல சத்தியமா சொல்றேங்கா, அது சாதா கட்டிதான்" என்றேன். பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் தெருவில் அதற்குமேல் பேச்சே கிடையாது. அவள் கையிலிருந்த டவலைக் கீழே வைத்தாள்.

"அவரு சந்தேகப்பட்டு கேட்டப்போ, நானும் ஷாரோன் தலையில அடிச்சிதான் சத்தியம் பண்ணேன். ஆண்டவர்தான் என்ன மன்னிக்கணும். நீ உம் புள்ளைய இதுல இழுக்காத சம்பூர்ணம்."

மகளுக்குத் தெரியக்கூடாது என்று அவள் தடுத்தும் கேட்காமல் ஷாரோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். "நெசமாவே ஒண்ணும் இல்லம்மா. ஒரே ஒரு தபா வாம்மா." செல்லம்மா அவள் கன்னத்தைத் துடைத்து, "உங்கிட்டயும் அப்டித்தான் சொன்னாங்களா கண்ணு?" என்றாள். பாவம், குழந்தையை ஏமாற்றிவிட்டார்களே என்கிற இரக்கம்தான் அவள் முகத்தில் இருந்தது. ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்று சர்ச்சுக்குப் போய்விட்டாள்.

தை முடிகிற சமயம், ஹோட்டலில் கூட்டம். ஈரத்துணிக் கூடையைத் தூக்கியவள் அப்படியே வைத்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வியர்வை ஆறாக ஓடியது. உதடு வெளுத்துப்போயிருந்தது. 108 வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆம்புலன்ஸில் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இப்பவாச்சும் நெசத்த சொல்லுடி. அதான?"

"இல்லக்கா. சாதா கட்டிக்கா. ரத்தம் கசியுது, அவ்ளோதான். போய் அடைச்சிட்டா சரியாப் பூடும்."

அவள் சிரித்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நல்லா சொல்றடி. அவருகிட்ட நான் இவ்ளோ நல்லா சொல்லல."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஹரிகிருஷ்ணன் ஓடி வந்தார். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே போனதெல்லாம் உள்ளேயே கொட்டியது. சாயங்காலம் வெளியே வந்த டாக்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சாவ வேண்டிய வியாதியே இல்லம்மா இது" என்றார். சுவரில் சாய்ந்து நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை.

மறுநாள் வீட்டு வாசலில் செல்லம்மாவின் பெட்டியை வைத்திருந்தோம். மறைமலைநகரிலிருந்து சின்னையனின் தங்கை வந்தாள். ஷாரோனைக் கட்டிக்கொண்டு, "அம்மாவுக்கு இன்னா கண்ணு ஆச்சி?" என்று அழுதாள்.

"கிட்னியில சாதா கட்டி அத்தை. வெடிச்சிடுச்சி. கேன்சர் இல்ல."

அத்தை மெல்லத் தலையாட்டினாள். ஷாரோனின் தலையைத் தடவிவிட்டு, என்னிடம் வந்து காதோடு கேட்டாள். "புள்ளைக்கு இன்னும் சொல்லலியா? நல்லதுதான். பரீட்ச முடியட்டும்."

"ஐயோ, சாதா கட்டிதாங்க! சத்தியமா சாதா கட்டிதான்!" என்று கத்திவிட்டேன். சர்ச்சுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "சரி சரி, அழாத. நாங்களும் அப்டியே சொல்லிக்கிறோம்" என்றாள்.